ஊஞ்சல் நேசனும் நாற்பத்தெட்டு நாட்களும்

பதிகத்தின் ஒன்பதாம் பாடலில் இருந்தேன். பிற்பகல் நான்கு மணியைத் தாண்டியிருக்கும். ஒரகடத்து அடுக்குமாடிக் கட்டடமொன்றின் பதினோராம் தளம். மேற்குப் பார்த்த அறை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தைலமும் துவைத்த பருத்தித் துணியும் கலந்த வாடை ஒன்று அந்த அறையை விட்டு நீங்கியதே இல்லை. கீழே, முதல் ஷிஃப்ட் முடிந்த தொழிற்சாலைப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் ஏறும் இரைச்சல், சாத்தியிருந்த கண்ணாடியையும் மீறிக் கேட்டது.

நான் எதிரே நாற்காலியில் கண்களை மூடி அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தேன். என் குரலுக்கு இடையே வேறொரு குரல் புகுந்தது. கண்களைத் திறந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் பாடிக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் தாக்கி, இரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு சொல்லும் வாயில் வராமல் கிடந்தவர் அவர்.

நான் என் வலக்கையை உயர்த்தினேன். உள்ளங்கை அவர் முகத்தை நோக்கியிருந்தது. பதிகம் நடக்கையில் எவரேனும் குறுக்கே பேசினால், ஓதுகிறவர் ஓதலை விட்டு அதட்டலாகாது. கையை மட்டும் உயர்த்துவார். கட்டிலில் இருந்தவர் பாடுவதை நிறுத்தினார்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதிய பகுதியில் அவர் பெயரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். நேசனைப் பற்றி விரிவாக எழுதுங்கள், அவருடன் பழகியவர் அல்லவா என்று வாசகர் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது இனிமையான நினைவுகளை. என்னிடமும் அத்தகையவை சில உண்டு. ஆனால் எங்கிருந்து எழுதத் தொடங்கினாலும் உயர்ந்த அந்தக் கையிடமே வந்து நிற்கிறேன்.

மண்ணூரிலிருந்து ஊஞ்சல் வரை

அவருடைய இயற்பெயர் சிவநேசன். மண்ணூரில் ஏர் பிடித்த குடும்பம். நானும் அந்த ஊரில் பிறந்தவனே. அவருக்கு ஆறு வயது மூத்தவன். சிவன் கோயிலில் வெள்ளிதோறும் மாலையில் பதிகம் சொல்லிக் கொடுப்பார்கள். வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை நான்.

எட்டு வயதில் வந்து சேர்ந்த சிவநேசனுக்குக் குரல் இருந்தது. அடக்கம் இல்லை. பண் இங்கே நிற்க வேண்டும் என்றால், அவர் நிற்கமாட்டார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவார். ஆசிரியர் கண்டும் காணாதவராக இருந்துவிடுவார். நான் கையைத் தூக்குவேன். அவர் உடனே வாயை மூடிக்கொள்வார்; ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை.

இருபது வயதில் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தார். பெயரில் இருந்த சிவத்தை விட்டுவிட்டு வெறும் நேசன் ஆனார். அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தால் கூசுகிறது. கோயிலில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. ஞாயிறு மாலைகளில் 'ஞாயிறு ஊஞ்சல்' வந்தது. அரங்கின் நடுவே சங்கிலி போட்ட உண்மையான ஊஞ்சல் ஒன்று. அதில் அமர்ந்தபடி அவர் பாடுவார். இடையே பலகுரல், குட்டி நாடகம், மந்திரவித்தை. பின்னர் அரங்கிலிருந்து ஒருவரை அழைத்து ஊஞ்சலில் தம் பக்கத்தில் அமர்த்திக்கொள்வார். தொழிற்சாலையில் லைனில் நிற்கும் பெண், பேருந்து நடத்துநர், பள்ளிக்கூடத்து ஆயா. அவர்கள் இரண்டு வரி பாட வேண்டும். அவர் கூடப் பாடுவார்.

வந்தவருக்குச் சுருதி விலகினால் அவர் திருத்தமாட்டார். தம்முடைய சுருதியை அவர்கள் போன இடத்துக்கு நகர்த்திக்கொள்வார். கீபோர்டு வாசிப்பவருக்குக் கண்ணைக் காட்டுவார். குழு முழுவதும் அந்தப் பெண்ணைத் தொடர்ந்து போகும். தவறிப் பாடினோம் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் இதைத் தெரிந்துகொண்டது மிகப் பின்னால். அக்காலத்தில் அந்நிகழ்ச்சியை நான் பார்த்ததே இல்லை. ஒரேயொரு முறை தவிர.

அடித்தல் இல்லாத வசவு

ஸ்ரீபெரும்புதூரில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இன்று கொட்டகைகளும் கொள்கலன் லாரிகளும் நிற்கிற நிலங்கள் பலவற்றின் கிரயப் பத்திரங்கள் என் கையெழுத்தில் எழுதப்பட்டவை. பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அதற்குத் தனியே சான்று எழுத வேண்டும். ஆகவே பிழை நேராமல் எழுதுவதும், எழுதியதை மாற்றாமலிருப்பதும் எனக்கு இயல்பாகிவிட்டன. அதை நல்லொழுக்கம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

ஓர் ஆடிக் கிருத்திகையை ஒட்டி, அவர் ஊஞ்சலில் அமர்ந்து பதிகம் ஒன்றைப் பாடினார். உறவினர் வீட்டில் நான் பார்க்க நேர்ந்தது. தாள வாத்தியமும் கிடாரும் சேர்த்து, தாலாட்டுப் போல. மூன்று பாட்டோடு நிறுத்திவிட்டார். நேரம் போதாவிட்டால் முதற்பாட்டையும் கடைசிப்பாட்டையும் பாடி நிறைவு செய்வது மரபு. கடைசிப்பாட்டை விடுவதை, வாயிலைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டை விட்டுப் போவதாகவே எங்கள் ஆசிரியர் சொல்வார். நான் அன்றிரவே கண்டித்து அவருக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அவர் அதை நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டியதாக மறுநாள் தெருவெல்லாம் பேச்சு.

"எங்க ஊர்ல எனக்கு ஒரு அண்ணன் கீறாரு. ரெண்டு பக்கம் திட்டி எழுதியிருக்காரு. ஒரு பிழை இல்ல, ஒரு அடித்தல் இல்ல. இவ்ளோ அழகா திட்டு வாங்கறதுக்கு நான் குடுத்து வெச்சிருக்கணும். அண்ணே, இந்தப் பாட்டு உங்களுக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வேறொரு பாட்டைப் பாடினாராம்.

அதன்பின் அவர் தொலைக்காட்சியில் பதிகம் பாடவே இல்லை. எனக்கு அது வெற்றியாகத் தோன்றியது.

அவர் மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட வருகையில், சேரப்பணஞ்சேரியில் நான் குடியேறிய வீட்டுக்கும் வருவார். மனைவி எஸ்தரும் வருவார். எஸ்தர் அவருடைய குழுவில் சேர்ந்திசை பாடியவர். ஊஞ்சல் நிகழ்ச்சியின் தொடக்கப் பாட்டில் நேசனுக்குப் பின்னே ஒலிக்கும் பெண்குரல் எஸ்தருடையது. கிறித்தவக் குடும்பத்திலிருந்து வந்தவர். நான் தந்த திருநீற்றை மறுக்கமாட்டார், இட்டுக்கொள்ளவும் மாட்டார். கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போவார்.

ஒரு சொட்டுக் கண்ணீர்

பொங்கல் கழிந்து சில நாளில் அவர் குளியலறையில் விழுந்தார். வலப்பக்கம் செயலற்றுப் போயிற்று. நினைவு இருந்தது, கேட்டது, புரிந்தது. சொல் மட்டும் வரவில்லை. மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது, வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், இடக்கையால் படுக்கை விரிப்பைப் பற்றிப் பிசைந்தார். எத்தனையோ வீடுகளில் கேட்டவர்கள் மனம் தேறிய குரல் அது.

என் கையாலாகாமையை மறைத்துக்கொள்ளவே நான் பதிகம் ஓதத் தொடங்கினேன். நான்காம் பாடலில் அவருடைய இடக்கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது.

எஸ்தர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஐயா, நீங்க பாடினா அவருக்குள்ள போவுதுங்க. வூட்டுக்குக் கூட்டிகினு போனதும் நீங்க வந்து பாடணும். எனக்குப் பெருசா ஒண்ணும் வாணாம். அவரு வாயால ஒரே ஒரு வார்த்தை வந்தாப் போதும். அதை நான் கேக்கணும்."

ஊமையான குழந்தை பதிகத்தால் பேசிற்று என்னும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவற்றை நம்புகிறவனும்கூட. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரே பதிகத்தை ஒரே நேரத்தில் இடைவிடாமல் ஓதுவதாகச் சங்கல்பம் செய்துகொண்டேன். நிபந்தனை ஒன்றும் விதித்தேன். மண்டலம் முடியும்வரை அந்த வீட்டில் கேளிக்கைப் பாட்டு ஒலிக்கலாகாது, தொலைக்காட்சி கூடாது.

"சரிங்க ஐயா" என்றார் எஸ்தர். தம்முடைய செபப் பாடல்களைக்கூட அவர் அந்த வீட்டில் பாடவில்லை. கீழே பூங்காவில் உட்கார்ந்து மெதுவாகப் பாடிவிட்டு மேலே வருவார் என்பதைக் காவலாளி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காவலாளி என்னை ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

"இன்னா பெரியவரே, ஊஞ்சல் சார் பேசறாரா?"

"இன்னும் இல்லை அப்பா."

"எங்கூட்டு அம்மா தெனம் கேட்டுகினே கீது. அவரு ஷோவுல எங்கம்மா போய் ஊஞ்சல்ல குந்திச்சு, தெரியுமா? தப்புத் தப்பாப் பாடிச்சு. சார் சிரிக்கவே இல்ல. நீ சீக்கிரம் பாடு பெரியவரே, நாப்பத்தெட்டு நாள் இன்னாத்துக்கு? டபுள் ஷிஃப்ட் போட்டு இருபத்துநாலுல முடிச்சிடு."

நான் சிரிக்கவில்லை. இறைவனிடம் ஓவர்டைம் வேலை செய்ய முடியாது என்று மட்டும் சொன்னதாக நினைவு.

முத்துலட்சுமி சொன்னது

வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி அளிக்க முத்துலட்சுமி என்னும் பெண் வருவாள். தென்காசிப் பக்கத்தவள். இருபத்திரண்டாம் நாள் அவள் என் ஓதல் முடியும்வரை காத்திருந்து பேசினாள்.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. பேச்சு இருக்குற எடம் வேற, பாட்டு இருக்குற எடம் வேற. அவுகளுக்குப் பேச்சு எடத்துலதான் அடி. பாட்டு உள்ள பத்திரமா இருக்கும். அவுக பாடிப் பாடிப் பழகின பாட்டையே கூட உக்காந்து பாடினா, அதைப் புடிச்சுக்கிட்டு வார்த்தை வெளிய வரும்."

"பதிகமும் பாட்டுத்தானே அம்மா?"

"பாட்டுத்தான் ஐயா. ஆனா அவுக வாய்க்கு எது பழக்கமோ அதுல்லா வேணும்?"

"இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. அதன்பின் நீ சொல்கிறபடி செய்யலாம்."

"இந்த மாசங்கதான் ஐயா முக்கியம். தள்ளிப் போடுறது நல்லதில்ல."

அவள் எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மண்டலத்தை நடுவில் மாற்றினால் பலன் தராது, கெடுதலும் தரும் என்பது நான் அறிந்த மரபு. நான் சொல்லவில்லை.

"முடியட்டும்மா" என்றார் எஸ்தர். "ஒத்துகினு ஆரம்பிச்சிட்டோம்."

முப்பத்தோராம் நாள்

இனி அந்தப் பிற்பகல்.

அவர் நோயுற்ற செய்தி பரவியபின், தொலைக்காட்சியில் பழைய ஊஞ்சல் நிகழ்ச்சிகளை மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் தொழிற்சாலை இளைஞர்கள் நால்வர் தங்கியிருந்தனர். அன்று அவர்களில் எவனோ தொலைக்காட்சியை உரக்க வைத்திருந்தான். எஸ்தர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

சுவருக்கு அப்பாலிருந்து தொடக்கப் பாட்டின் வயலின் கேட்டது. நான் குரலைச் சற்று உயர்த்தி ஒன்பதாம் பாடலைத் தொடர்ந்தேன். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அவருடைய இடக்கை விரல்கள் தட்டுவது தெரிந்தது. நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"வாங்க... வாங்க... ஊஞ்சலாடலாம்... வந்த கவலையை..."

தெளிவான சொற்கள். குழறல் இல்லை. குரல் சற்றே மெலிந்திருந்தது. ஆனால் அந்த வழுக்கல், அவருடைய எட்டு வயதில் நான் கண்டித்த அதே வழுக்கல், அப்படியே இருந்தது.

என் கை உயர்ந்தது. வேண்டுமென்று உயர்த்தினேன் என்று சொல்ல மாட்டேன். தானாக உயர்ந்தது என்று சொல்லித் தப்பவும் மாட்டேன். கடைசிப்பாட்டு முடியட்டும், பிறகு பாடட்டும் என்று நினைத்தேன் என்பதே உண்மை.

அவர் என் கையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சட்டாம்பிள்ளைக்குப் பயந்த குழந்தையின் முகம் அல்ல அது. மரியாதைக்குக் கட்டுப்பட்ட முகம். சுவருக்கு அப்பால் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. நான் பத்தாம் பாட்டையும் பதினோராவதான கடைசிப்பாட்டையும் ஓதி நிறைவு செய்துவிட்டு, "பாடுங்கள், சிவநேசன்" என்றேன். அவர் முயன்றார். காற்று மட்டும் வந்தது.

கதவு திறந்தது. எஸ்தர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். நாள்தோறும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதாங்க ஐயா?"

"பதிகம் முழுவதையும் கவனித்துக் கேட்டார் அம்மா" என்றேன்.

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார்.

கேட்ட செவிகள்

ஏன் சொல்லவில்லை? அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட விடை இது: முத்துலட்சுமி சொன்னது மெய் என்றாகிவிட்டால் மண்டலம் அன்றோடு கலைந்துபோகும், நாற்பத்தெட்டாம் நாள் இறைவன் அருளால் சொல் முழுமையாக வரட்டும், அப்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம். வெட்கத்துக்கு நான் உடுத்திய ஆடை அது.

இன்னொன்றும் செய்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நான்கு மணிக்குமேல் தொலைக்காட்சி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"சாரி சார்" என்றான் சீருடையைக் கழற்றாத இளைஞன். "சாருக்குக் கேக்கட்டும்னுதான் சவுண்டு வெச்சோம். இனிமே வெக்கல."

அதன்பின் அந்தத் தளத்தில் என் குரல் மட்டுமே ஒலித்தது. இரும்புச் சட்டத்தில் விரல்கள் தட்டவே இல்லை.

நாற்பத்து நான்காம் நாள் விடியலில் இரண்டாம் முறை தாக்கிற்று. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கலையலாகாது என்று நான் காத்துவந்த மண்டலம், என்னைக் கேளாமலே கலைந்தது.

மண்ணூரில் இறுதிச் சடங்கு. ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வெயிலில் நின்றார்கள். பாடை எழும்போது ஒரு பெண் தொடக்கப் பாட்டை எடுத்தாள். கூட்டம் முழுவதும் சேர்ந்துகொண்டது. வாழ்நாளெல்லாம் பாட்டை மனனம் செய்தவன் நான். வந்த கவலையை என்பதற்கு அடுத்த சொல் எனக்கு மட்டும் தெரியவில்லை.

எஸ்தர் பாடவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "ஐயா ஒருநாள்கூட தவறாம வந்தாருங்க" என்று என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எஸ்தரின் கூடத்தில்

வாசகர்களின் கடிதங்கள் வந்தபின், இதை எழுத எஸ்தரிடம் ஒப்புதல் கேட்கப் போனேன். சென்ற திங்கட்கிழமை. கட்டில் அகற்றப்பட்டிருந்தது, அதன் கால்கள் நின்ற நான்கு இடங்கள் தரையில் வெளுத்துத் தெரிந்தன. காபி கொண்டுவந்து வைத்தார். நான் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னேன். நேசன் பாடியதையும், என் கையையும், எஸ்தர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடையையும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதையும்.

கட்டில் நின்ற இடத்தைப் பார்த்தபடி அவர் கேட்டார்.

"குரலு எப்படி இருந்துச்சுங்க?"

"மெலிந்திருந்தது. ஆனால் அவருடைய குரல்தான்."

"எதுவரைக்கும் பாடினாரு?"

"வந்த கவலையை என்பது வரைக்கும்."

"அதுக்கு அடுத்த எடத்துலதான் நான் சேருவேன்" என்றார். "அவரு அங்க ஒரு நொடி நிறுத்துவாரு. நான் வர்றதுக்கு."

மன்னிக்க வேண்டும் என்ற சொற்களை எடுத்தேன், அவர் முடிக்கவிடவில்லை.

"கையைத் தூக்கினீங்க. அது உங்க பழக்கம், ஆயிடுச்சு. அவரே அதுக்குக் கோவிச்சிருக்க மாட்டாரு. ஆனா ஐயா, அதுக்கப்புறம் பதிமூணு நாள் இருந்துச்சே. தெனம் நான் கேட்டேனே உங்களை. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பதிமூணு நாளும் அவரு பக்கத்துல குந்திகினு நான் பாடியிருப்பேனே."

அவர் அழவில்லை. நான் அழுதேன், அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஆறுதல் சொல்லாமல்.

கீழே பேருந்துகள் ஏறத் தொடங்கின. புறப்பட எழுந்தேன். இதை எழுதுவதா, விடுவதா என்று கேட்டேன்.

"எழுதுங்க" என்றார். "கையை மட்டும் எழுதிட்டு நிறுத்திடாதீங்க. அந்தப் பதிமூணு நாளையும் எழுதுங்க."

கதவைச் சாத்தும் ஓசை எனக்குப் பின்னே மெதுவாகத்தான் கேட்டது.